பத்மநாபபுரம் அரண்மனையும் அதற்கு மேலே உள்ள மலையும்

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வரும் சுற்றுலாப் பேருந்துகள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் போகும். சூரிய உதயம், விவேகானந்தர் பாறை, திருவள்ளுவர் சிலை, சுசீந்திரம், அப்புறம் தக்கலை பக்கம் திரும்பி பத்மநாபபுரம் அரண்மனை. நேரம் மிச்சம் இருந்தால் திற்பரப்பு அருவியில் ஒரு குளியல். அத்துடன் மாவட்டம் முடிந்துவிடும்!

இந்தப் பயணத்தில் யாருக்கும் அறிமுகம் ஆகாத ஒரு கூட்டம் இருக்கிறது. அருவிக்குத் தண்ணீர் வரும் மலையிலேயே அவர்கள் வசிக்கிறார்கள். அவர்கள்தான் காணி மக்கள், இந்த மண்ணின் பழங்குடிகள். வெளியூர்க்காரர்கள் காணிகளின் மலைக்குப் போய் வந்த கதை நூற்றைம்பது வருடத்துக்கும் மேற்பட்டது. அந்தக் கதையில் யார் யாருக்கு வழிகாட்டினார்கள், யாருக்கு என்ன கிடைத்தது என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

அரண்மனையில் சொல்லப்படும் கதை

பத்மநாபபுரம் அரண்மனை 1601 வாக்கில் வேணாட்டு அரசர் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் காலத்தில் தொடங்கப்பட்டதாகச் சொல்வார்கள். அப்போது ஊரின் பெயர் கல்குளம். 1729ல் ஆட்சிக்கு வந்த மார்த்தாண்ட வர்மாதான் அரண்மனையைப் பெரிதாக்கி, ஊரையும் பத்மநாப சுவாமியின் பெயரில் பத்மநாபபுரம் ஆக்கினார். 1795ல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறியது. 1956 நவம்பர் 1ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டுடன் இணைந்தது. ஊர் தமிழ்நாட்டில், அரண்மனை நிர்வாகம் கேரள தொல்லியல் துறையிடம் என்ற விசித்திரமான ஏற்பாடு இன்றும் தொடர்கிறது.

உள்ளே போனால் எல்லாம் மரம்தான். தேக்கு, பலா, ஈட்டி என்று காட்டின் சிறந்த மரங்கள் அத்தனையும் தூணாகவும் உத்தரமாகவும் நிற்கின்றன. உப்பரிகை மாளிகையில் ஒரு கட்டில் இருக்கிறது. 64 வகை மூலிகை மரங்களால் ஆனது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். ஆனால் எந்த மரத்துக்கு எந்த மருத்துவ குணம் என்று இந்த மலைகளில் யாருக்குத் தெரிந்திருந்தது என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டால் கதை அரண்மனையை விட்டு வெளியே போய் மலை ஏற ஆரம்பித்துவிடும்.

அரண்மனையிலிருந்து சில கிலோமீட்டரில் வேளிமலை. அதன் அடிவாரத்தில் குமாரகோவில். முருகன் மலைக்குறப் பெண் வள்ளியைக் கண்டு மணந்தது இங்குதான் என்பது இந்த ஊர் நம்பிக்கை. திருக்கல்யாண விழாவில் பெண் வீட்டாரான குறவர்கள் முருகனுடன் மோதும் குறவர் படுகளமும் நடக்கும். இந்த வேளிமலை முருகன் ஒவ்வொரு வருடமும் நவராத்திரிக்கு, அரண்மனையில் உள்ள சரஸ்வதி அம்மனோடு ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போகிறார். அதாவது, மலைக்காரர்களோடு உறவு இல்லாமல் இந்த அரண்மனையின் கதை இல்லை என்பதை விழாவே வருடாவருடம் ஞாபகப்படுத்துகிறது.

காணி என்ற சொல்

தமிழில் காணி என்றால் நிலம், அதிலும் பரம்பரை உரிமை உள்ள நிலம். காணிக்காரன் என்றால் நிலத்துக்குப் பரம்பரை உரிமை உடையவன். இந்த மலை மக்களின் பெயரும் அதுதான். அரசாங்கப் பட்டியலில் காணிக்காரன், காணிக்கர் என்ற பெயர்களில் பழங்குடியாக இருக்கிறார்கள். கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்ட மலைகளிலும், எல்லைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரம் மாவட்டத்திலும் வசிக்கிறார்கள். மாநில எல்லை 1956ல் வந்தது. மக்கள் அதற்கு ரொம்ப முன்பே அங்கே இருந்தார்கள்.

ஒவ்வொரு குடியிருப்புக்கும் மூட்டுக்காணி என்ற தலைவர் உண்டு. மருந்தும் மந்திரமும் அறிந்தவர் பிலாத்தி. நோய் வந்தாலும், தீட்டு வந்தாலும், விதைப்பு வந்தாலும் பிலாத்தி உட்கார்ந்து சாற்றுப் பாட்டுப் பாடுவார். கூட ஒலிப்பது கொக்கரை என்ற இரும்புக் கருவி. குழாய் போல இருக்கும், விளிம்பில் வெட்டுகள் இருக்கும், கம்பியால் உரசினால் கரகரவென்று ஒலி எழும். பேச்சு தமிழும் மலையாளமும் கலந்த ஒரு மலை மொழி. யானைக்குப் பயந்து மரத்தின் மேல் குடில் கட்டித் தங்குவதும் அவர்கள் வழக்கம். இன்றைக்கு மலைவாசஸ்தலங்களில் மர வீடு என்று போட்டு ஓர் இரவுக்கு ஆயிரக்கணக்கில் வாடகை வாங்குகிறார்கள் அல்லவா? அது உயிர் பிழைப்பதற்காகக் கண்டுபிடிக்கப்பட்ட வீடு!

ராஜாவும் காணியும்

மார்த்தாண்ட வர்மா பட்டத்துக்கு வருவதற்கு முன் எட்டுவீட்டில் பிள்ளைமாருக்குப் பயந்து தலைமறைவாக அலைந்தார் என்பது பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கும் தெரிந்த கதை. அப்படி ஓடியபோது காட்டில் அடைக்கலம் கொடுத்தது எங்கள் முன்னோர்கள்தான் என்று காணிகள் சொல்வார்கள். இதைக் கல்வெட்டுபோல எடுத்துக்கொள்ள முடியாது, வாய்வழிக் கதைதான். ஆனால் அந்தக் கதையோடு ஒட்டிய வழக்கம் ஒன்று கண்ணுக்குத் தெரியும்படி இருக்கிறது. ஓணத்துக்கு முன்னால் கோட்டூர்ப் பக்கத்து மலைக் காணிகள் தேன், மூங்கில் பொருட்கள், காட்டு விளைச்சல் என்று எடுத்துக்கொண்டு திருவனந்தபுரம் கவடியார் அரண்மனைக்குப் போய் ராஜ குடும்பத்தைப் பார்த்து வருவார்கள். பதிலுக்குப் புதுத்துணியும் கைநீட்டமும் கிடைக்கும்.

இதை ராஜ விசுவாசம் என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். வேறு மாதிரியும் பார்க்கலாம். வருடத்துக்கு ஒரு தடவை மலையிலிருந்து இறங்கி வந்து, உனக்கும் எங்களுக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது என்று நினைவூட்டிவிட்டுப் போகிறார்கள். ராஜா மலைக்குப் போனது ஒருமுறை, அதுவும் உயிருக்குப் பயந்து. காணிகள் அரண்மனைக்கு வருவது வருடாவருடம்.

மலை ஏறி வந்தவர்கள்

1850களில் ஜான் ஆலன் புரவுன் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானி திருவனந்தபுரம் வானிலை ஆய்வகத்தின் இயக்குநராக இருந்தார். பூமியின் காந்தத்தையும் வானிலையையும் உயரத்தில் அளக்க வேண்டும் என்று அகத்தியர் மலையின் மேலேயே ஓர் ஆய்வகம் கட்டினார். அந்த மலையின் உயரம் 1868 மீட்டர். யானைக் காட்டின் வழியே கருவிகளையும் சாமான்களையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். வழி தெரிந்த மனிதர்கள் இல்லாமல் இது முடிகிற காரியமா? அறிவியல் வரலாற்றில் புரவுனின் பெயர் இருக்கிறது. தூக்கிச் சென்றவர்களின் பெயர் இல்லை.

அடுத்து வந்தவர்கள் மனிதர்களையே பார்க்க வந்தார்கள். லண்டன் மிஷன் பாதிரியார் சாமுவேல் மட்டீர் 1883ல் வெளியிட்ட திருவிதாங்கூர் பற்றிய நூலில் மலைக் குடிகளைப் பற்றி எழுதினார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் தன் ஏழு தொகுதி நூலில் (1909) காணிக்காரர்களுக்கு இடம் கொடுத்தார். தர்ஸ்டனுக்கு மனிதர்களின் தலை, மூக்கு, உயரம் ஆகியவற்றைக் கருவி வைத்து அளப்பதில் பெரிய ஆர்வம். அவர்களுடைய குறிப்புகள் இன்றைக்கும் உபயோகமானவைதான், மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பயணங்களில் கேள்வி கேட்பது ஒருவர், பதில் சொல்வது இன்னொருவர். அளப்பது ஒருவர், அளக்கப்படுவது இன்னொருவர். இந்த இடம் கடைசிவரை மாறவே இல்லை.

இதே காலத்தில் மலையே மாறத் தொடங்கியது. 1897ல் தொடங்கி 1906ல் முடிந்த பேச்சிப்பாறை அணை கோதையாற்றைத் தடுத்து நிறுத்தியது. பொறியாளர் மிஞ்சின், அரசர் மூலம் திருநாள். நாஞ்சில் நாட்டு வயல்கள் பச்சையாக இருப்பதற்கு அந்த அணை முக்கியக் காரணம். அங்கிருந்து வரும் தண்ணீர் புத்தன் அணையில் பிரிந்து ஓடும் கால்வாய்களில் ஒன்றின் பெயரே பத்மநாபபுரம் புத்தனாறு. அரண்மனைக்கும் காட்டுக்கும் நடுவே இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் உறவு அது. ஆனால் அணையின் மறுகரையில் இருக்கும் காணிக் குடியிருப்புகளுக்கோ அந்தத் தண்ணீர் ஒரு தடுப்பு. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரேஷன் என்று எதற்கும் படகு பிடித்து இக்கரைக்கு வர வேண்டியவர்கள் அங்கே உண்டு. பிறகு கோதையாறு மின்நிலையங்கள் வந்தன. 1984ல் அரசு ரப்பர் கழகம் வந்தது. காடு, தோட்டமாகவும் சரணாலயமாகவும் பிரிக்கப்பட்டது. காணி என்ற பெயர் உள்ளவர்கள் தங்கள் காணிக்கு மனு எழுதிக் காத்திருக்கும் நிலைமை வந்தது.

1987: ஒரு கைப்பிடிப் பழம்

1987 டிசம்பரில் தாவரவியல் அறிஞர் பி. புஷ்பாங்கதன் தலைமையில் ஒரு குழு அகத்தியர் மலைக்குப் போனது. கூட வழிகாட்டிகளாகக் காணி இளைஞர்கள். ஏற ஏற விஞ்ஞானிகளுக்கு மூச்சு வாங்கியது. காணிகளோ களைப்பே இல்லாமல் நடந்தார்கள். இடையிடையே ஏதோ சிறு பழத்தை வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தார்கள். கேட்டபோது அவர்களுக்கும் கொடுத்தார்கள். சாப்பிட்டதும் புதுத் தெம்பு வந்ததை விஞ்ஞானிகள் உணர்ந்தார்கள். அது என்ன செடி என்று கேட்டால், முதலில் சொல்ல மறுத்தார்கள். வெளியாட்களுக்குச் சொல்லக் கூடாத ரகசியம் அது. ரொம்ப வற்புறுத்திய பிறகே காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை.

திருவனந்தபுரம் அருகே பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா நிறுவனம் அதை ஆராய்ந்தது. ஆரோக்கியப்பச்சையின் இலையோடு வேறு மூன்று மூலிகைகளைச் சேர்த்து ஜீவனி என்ற மருந்து உருவானது. 1995ல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்குத் தயாரிப்பு உரிமை கொடுக்கப்பட்டது. உரிமைக் கட்டணம் 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் ராயல்டி. அதில் பாதி காணிகளுக்கு என்று நிறுவனமே முடிவு செய்தது. பணத்தை வாங்க 1997ல் கேரள காணி சமுதாய க்ஷேம டிரஸ்ட் என்ற அறக்கட்டளை பதிவானது. 1999ல் முதல் தொகையாக 5 லட்சத்துக்குச் சற்று அதிகமான ரூபாய் வந்து சேர்ந்தது.

பழங்குடி அறிவுக்குக் கூலி அல்ல, பங்கு தர வேண்டும் என்பதற்கு உலகம் முழுவதும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் கதை இது. 1992ல் ரியோ மாநாட்டில் கையெழுத்தான பல்லுயிர் ஒப்பந்தம் சொன்னதை நடைமுறையில் செய்துகாட்டிய முதல் முயற்சிகளில் ஒன்று. இந்தியாவின் பல்லுயிர்ச் சட்டம் வந்ததே 2002ல்தான். இது ஒரு பெருமை.

ஆனால் மறுபக்கமும் உண்டு. ரகசியத்தைச் சொன்னவர்கள் சிலர், அது சமூகம் முழுவதற்கும் சொந்தம் அல்லவா, யாரைக் கேட்டு ஒப்பந்தம் போட்டீர்கள் என்று மற்ற காணிகளிடமிருந்தே கேள்வி எழுந்தது. இலை பறிக்க வனத்துறை தடை சொன்னது. அறக்கட்டளை கேரளக் காணிகளுக்கு மட்டும். அதே மலையின் தமிழ்நாட்டுச் சரிவில் அதே செடியை அறிந்த, அதே பெயர் கொண்ட மக்கள் அதில் இல்லை. மாநில எல்லை மூலிகைக்குத் தெரியாது, ராயல்டிக்குத் தெரிந்தது!

2019: இரண்டு மலைகள்

அகத்தியர்கூடம் உச்சிக்கு இன்று மலையேற்றம் போகிறவர்கள் நிறைய. கேரள வனத்துறை வருடந்தோறும் ஜனவரி மாதம் தொடங்கி சில வாரங்களுக்கு, போனக்காடு வழியாக, ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று அனுமதிச் சீட்டு கொடுக்கிறது. வழிகாட்டிகளில் பலர் காணிகள். 2001ல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட அகத்தியமலை 2016ல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலிலும் சேர்ந்தது.

காணிகளுக்கு அகத்தியர் குலகுரு, அந்த உச்சி கோயில். அவர்கள் வழக்கப்படி பெண்கள் உச்சிக்கு ஏறுவதில்லை. அரசாங்க அனுமதியிலும் பெண்களுக்கு இடம் இல்லாமல் இருந்தது. இதை எதிர்த்துப் பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம், பெண் என்ற காரணத்துக்காக அனுமதி மறுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. 2019 ஜனவரியில் பாதுகாப்புத் துறை செய்தித் தொடர்பாளர் தன்யா சனல் ஏறினார். காணிகள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், ஆனால் யாரையும் வழிமறிக்கவில்லை.

அதே 2019ல் ஆஸ்திரேலியாவில் நேர்மாறான ஒரு செய்தி. அங்கே பாலைவனத்தின் நடுவில் 348 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் சிவப்புப் பாறை உலுரு. அது அனங்கு பழங்குடிகளின் புனித இடம். எங்கள் பாறையில் ஏறாதீர்கள் என்று அவர்கள் பல வருடமாகப் பலகை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பயணிகள் ஏறிக்கொண்டே இருந்தார்கள். 1985 அக்டோபர் 26ல் அந்த நிலம் சட்டப்படி அனங்குகளுக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டது. சரியாக 34 வருடம் கழித்து, 2019 அக்டோபர் 26ல், பாறை ஏறுவது நிரந்தரமாக நிறுத்தப்பட்டது. சுற்றுலா நிற்கவில்லை. பாறையைச் சுற்றி நடக்கலாம், அனங்குகளே கதை சொல்லி அழைத்துப் போகிறார்கள்.

ஒரு மலை திறந்தது, ஒரு மலை மூடியது. எது சரி, எது தப்பு? பெண் என்பதால் வாசலை அடைப்பது நியாயம் இல்லை, இதில் நீதிமன்றம் சொன்னது புரிகிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உலுருவில் முடிவு எடுத்த பூங்கா நிர்வாகக் குழுவில் அனங்குகள்தான் பெரும்பான்மை. அகத்தியர் மலையில் யார் ஏறலாம், எத்தனை பேர் ஏறலாம், கட்டணம் எவ்வளவு என்று எதையும் முடிவு செய்யும் நாற்காலி காணிகளிடம் இருந்ததே இல்லை. முடிவு செய்யும் உரிமை இருக்கிற சமூகம் தன் வழக்கத்தைத் தானே மாற்றிக்கொள்ளவும் முடியும், தன் பெண்களின் குரலைக் கேட்கவும் முடியும். உரிமை இல்லாத சமூகத்திடம் வழக்கம் ஒன்றுதான் மிச்சம் இருக்கும். அதையும் தொட்டால் அது எதிர்க்கத்தான் செய்யும்.

அறிமுகமா, வேடிக்கையா?

பழங்குடிகளைப் பார்க்கப் போவது எவ்வளவு அசிங்கமாக முடியலாம் என்பதற்கும் நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. அந்தமானில் ஜாரவா மக்களின் காட்டின் நடுவே நெடுஞ்சாலை போட்டார்கள். அதில் வாகனங்கள் வரிசையாகப் போய், விலங்குக் காட்சிசாலையில் பார்ப்பதுபோல மனிதர்களைப் பார்த்தார்கள். தின்பண்டம் காட்டி ஆடச் சொன்ன வீடியோ 2012ல் வெளிவந்து உலகமே காறித் துப்பியது. 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தச் சாலையில் சுற்றுலாப் பயணிகள் போக இடைக்காலத் தடையே போட வேண்டி வந்தது.

காணிகள் நிலைமை அப்படி இல்லை. அவர்கள் படித்தவர்கள், ஓட்டுப் போடுகிறவர்கள், ரப்பர் வெட்டுகிறவர்கள், செல்போன் வைத்திருப்பவர்கள். அதனால்தான் சிலருக்கு ஏமாற்றம்! இலை உடுத்திய ஆதிவாசியைத் தேடிப் போய், சட்டை போட்டவரைப் பார்த்ததும் இவர் உண்மையான காணி இல்லையோ என்று சந்தேகப்படுவார்கள். அந்தச் சந்தேகத்துக்குள் தர்ஸ்டனின் அளவுகோல் இன்னும் ஒளிந்துகொண்டிருக்கிறது.

காளிகேசம் போன்ற இடங்களில் வனத்துறையின் சூழல் சுற்றுலா இருக்கிறது. ஆறு, கோயில், குளிர்ந்த காற்று எல்லாம் இருக்கும். அதோடு இந்த மலையை நன்கு அறிந்தவர் யார் என்ற அறிமுகமும் கிடைத்தால் எப்படி இருக்கும்? பத்மநாபபுரத்தில் கட்டிலைப் பார்த்த பயணி, புத்தனாறு வழியே தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டு, பேச்சிப்பாறை போய், ஒரு மூட்டுக்காணி சம்மதித்து ஒதுக்கிய இடத்தில் உட்கார்ந்து, ஒரு காணியின் வாயாலேயே அந்தக் காட்டின் கதையைக் கேட்கலாம். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று அவர்கள் முடிவு செய்ய வேண்டும். சாற்றுப் பாட்டு மேடை நிகழ்ச்சி அல்ல, வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். தேனுக்கும் மிளகுக்கும் பேரம் பேசாமல் விலை கொடுக்க வேண்டும். போட்டோ எடுக்கும் முன் கேட்க வேண்டும். வழிகாட்டிக்கூலி ஊருக்குப் போக வேண்டும்.

இதற்குச் சட்டத்தில் அடிப்படை இல்லாமல் இல்லை. 2006ல் வந்த வன உரிமைச் சட்டம் பழங்குடிகளின் நில உரிமையையும், கிராம சபையின் அதிகாரத்தையும் ஏற்றுக்கொள்கிறது. தமிழ்நாட்டில் நீதிமன்ற உத்தரவு காரணமாக 2008 முதல் பல வருடம் பட்டா கொடுப்பது தடைபட்டது. 2016ல்தான் அந்தத் தடை நீங்கியது. நிலம் கையில் இருந்தால்தான் வருகிறவரை விருந்தாளி என்று கூப்பிட முடியும். நிலம் இல்லாதவர் வேடிக்கைப் பொருளாகவோ கூலியாளாகவோதான் நிற்க வேண்டும்.

முடிவாக

ராஜா அடைக்கலம் தேடி வந்தார். விஞ்ஞானி காந்தத்தை அளக்க வந்தார். பாதிரியாரும் அருங்காட்சியக அதிகாரியும் குறிப்பெடுக்க வந்தார்கள். தாவரவியல் அறிஞர் மூலிகை தேடி வந்தார். மலையேறுகிறவர்கள் உச்சியைத் தேடி வருகிறார்கள். வந்தவர் எல்லோருக்கும் காணிகள் வழி காட்டியிருக்கிறார்கள். அந்த நீண்ட வரிசையில் பாதிப் பங்காவது தருகிறேன் என்று சொன்னது ஒரே ஒரு பயணம்தான், அதிலும் குறைகள் இருந்தன.

பத்மநாபபுரம் அரண்மனையின் கூரை மரங்களைப் பார்த்து வியப்பது தவறே இல்லை. நிமிர்ந்து பார்த்த தலையை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தினால் வேளிமலையும், அதற்கப்பால் நீலமாக நிற்கும் பெரிய மலைகளும் தெரியும். அங்கேயும் வரலாறு இருக்கிறது. அதைச் சொல்லத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். கேட்கப் போகிறவர்கள் அனுமதி கேட்டுவிட்டுப் போனால் போதும்.